மேட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம்

கருத்தக்கண்ணன் ஓட்டியது கரி வண்டி. சண்டைக் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கனியவைத்து, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும்படி செய்தார்கள். காலையில் கண்டக்டர் பிச்சைமணி முக்கால் மணி நேரம் காற்றாடியைக் கையால் சுற்றுவான். கரி சிவந்து, குழாய் வாயில் நீலமாக ஒரு தழல் எட்டிப் பார்த்தால்தான் வண்டிக்கு உயிர் வந்ததாக அர்த்தம். அதுவும் அரை உயிர்தான். சமதரையில் மாட்டு வண்டிகளைத் தாண்டிப் போகும். மேடு கண்டால் மூச்சு வாங்கும்.

அப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஜெயமங்கலத்தில் சம்சாரி வீட்டுப் பிள்ளை. உழவில் மனசு ஒட்டாமல் இருபது வயதில் மலைமேல் ஏறி, வெள்ளைக்காரன் தோட்டத்து லாரியில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே ஓட்டப் பழகினான். பிறகு பஸ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பண்ணைப்புரத்துப் பொன்னாத்தாளைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் குடிவைத்தான்.

வண்டி ஓட்டுவது அவனுக்கு வேலையாகவே தோன்றியதில்லை. காலையில் கம்பத்தை விட்டுக் கிளம்பும்போது முல்லையாற்றின் மேல் பனி படுத்திருக்கும். இரண்டு பக்கமும் மலை. நடுவில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் ரோடு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சக்கரம் தரையில் படுகிறதா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் வந்து, மலைமேல் வளைந்து வளைந்து ஏறி, குமுளியில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சுங்கச் சௌக்கைக்கு முன்னால் போய் நிற்கிற வரைக்கும் அவன் ஏதோ ஒரு கனவின் உள்ளேயே இருப்பான். பயணிகள் பேசுவது எங்கேயோ தூரத்தில் தண்ணீர் ஓடுவது போலக் கேட்கும்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அந்தக் கனவு கலைந்தது.

அன்று சாரல் நூல் பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் வண்டி ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம் இருமியது. பிறகு எஞ்சின் சத்தமே இல்லை. கருத்தக்கண்ணன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் சுற்றவில்லை, ஆனாலும் சேற்றில் வழுக்கிக்கொண்டு வண்டி பின்னோக்கிப் போனது. பிச்சைமணி குதித்து, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டையைப் போட்டான். கட்டையையும் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் பின்சக்கரம் ஓரக்கல்லில் முட்டி நின்றது. அந்த அதிர்ச்சியில் கூரைமேல் இருந்த தகரப் பெட்டி ஒன்று சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அது பாறைக்குப் பாறை மோதி இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இவ்வளவு நேரமா ஒரு பெட்டி விழும் என்று எல்லோரும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். கரியைக் கிளறிவிட்டு வண்டியை உயிர்ப்பித்து, மத்தியானத்துக்குள் குமுளி போய்ச் சேர்ந்தார்கள். "கருத்தக்கண்ணன் இல்லேன்னா இன்னைக்கு அம்புட்டுப் பேரும் அங்கன கீழதான் கிடந்திருப்போம்" என்று ஏலக்காய் வியாபாரி சுந்தர்ராஜ் டீக்கடையில் நின்று பத்துப் பேரிடம் சொன்னார். கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டு மீசையைத் துடைத்தான். கை நடுங்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

மறுநாள் காலை கூடலூர் தாண்டியதும் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

முதலில் முந்தின நாள் சாப்பாடு என்று நினைத்தான். லோயர் கேம்ப் வருவதற்குள் வயிறு முறுக்கிப் பிழிந்தது. நெற்றி வேர்த்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, "ரேடியேட்டருக்குத் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடினான். திரும்பி வந்தபோது உடம்பு காற்றுப் போன மாதிரி இருந்தது. மேலே ஏறி முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. குமுளியில் நன்றாகச் சாப்பிட்டான். இறக்கத்தில் ஒன்றும் இல்லை. சாயந்தரம் வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதற்கு மறுநாள் காலை, அதே கூடலூர், அதே உருட்டல்.

அப்படி ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. காலையில் சாப்பிடாமல் போனால் வயிற்றில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துப் பட்டினியாகப் போனான். வெறும் வயிறும் கலங்கியது. மோர் மட்டும் குடித்தான், சுண்டைக்காய் வற்றலை வறுத்துத் தின்றான், மாதுளை ஓட்டைக் கஷாயம் வைத்துக் குடித்தான். உத்தமபாளையத்தில் ஒரு கம்பவுண்டர் வயிற்றில் பூச்சி இருப்பதாகச் சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தார். அன்றைக்கு வண்டி எடுக்கவே முடியவில்லை.

பிறகு ஒரு விஷயம் நடந்தது. வளைவைப் பற்றிய நினைப்பு பின்னால் போய், வயிற்றைப் பற்றிய நினைப்பு முன்னால் வந்துவிட்டது. நடுவழியில் வந்துவிட்டால் என்ன செய்வது? பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிற வண்டியில் என்ன ஆவது? ரோட்டோரத்தில் எங்கெங்கே புதர், எங்கெங்கே பாறை, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடமாயிற்று. மற்றவர்கள் மலையைப் பார்த்தால் மலை தெரியும். அவனுக்கு மறைவிடம் தெரியும். கன்னம் ஒட்டி, காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "இந்த ரேடியேட்டர் என்னய்யா ஆறு வாய் வச்சிருக்கு, தெனமும் இம்புட்டுத் தண்ணி குடிக்குது?" என்று ஒருவன் கேட்டான். வண்டியே சிரித்தது. பிச்சைமணி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஜெயமங்கலத்திலிருந்து அக்கா அக்கம்மாள் வந்தாள். தம்பியைப் பார்த்ததும் மாரில் கைவைத்துக்கொண்டாள். "என்னப்பா இப்படி ஓணானாட்டம் ஆயிட்ட?" என்றாள். இரண்டு நாள் அவனைக் கவனித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் உடுக்கையை அடித்து, வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "சோத்துல வச்சிருக்கு. மருந்து உள்ள தங்கியிருக்கு. வச்சது வெளியாள் இல்ல."

அந்த வீட்டில் சோறு போடுவது ஒரே ஆள்தான். பொன்னாத்தாள் அடுப்பங்கரை வாசலில் அகப்பையோடு நின்றாள். புருஷன் தன் பிடிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பெண்டாட்டிமார் சாப்பாட்டில் எதையோ கலந்துவிடுவார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கம்மாள் அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கருத்தக்கண்ணன் அப்போதே சொல்லியிருக்கலாம். அவனுக்கு நன்றாகத் தெரியும், இது மருந்து இல்லை. லீவு நாளில் வயிறு கலங்குவதில்லை. இறக்கத்தில் கலங்குவதில்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பஸ் டிரைவர் என்றால் அந்தக் காலத்தில் ஊருக்குள் ஒரு கெத்து. வண்டி போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு திருநீறை வாங்கிப் பூசிக்கொண்டான்.

அன்றிலிருந்து பொன்னாத்தாள் ஒரு காரியம் செய்தாள். சோற்றை அவன் முன்னால் வைத்ததும், அந்தத் தட்டிலிருந்தே மூன்று கை அள்ளித் தான் தின்பாள். குழம்பு ஊற்றினால் அதில் ஒரு கரண்டி குடிப்பாள். பிறகு தட்டை அவன் பக்கம் நகர்த்துவாள். தெருவில் தண்ணீர் எடுக்கப் போனால், குடத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள். ராமுத்தாய் என்கிற பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தான் பதிலுக்கு வைத்திருந்த முறுக்கை ராமுத்தாய் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் உறியில் வைத்துவிட்டதைப் பொன்னாத்தாள் கண்ணாலேயே பார்த்தாள்.

தை பிறந்தது. அக்கம்மாள் மறுபடியும் வந்து, "கொஞ்ச நாளைக்கு நீ பண்ணைப்புரத்துல போயி இரு ஆத்தா. தம்பிக்கு நான் இங்கன இருந்து ஆக்கிப்போடுறேன். தெளிஞ்சதும் வா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பொன்னாத்தாளைச் சுட்டது.

"சரி மதினி, போறேன்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல வண்டியில குமுளிக்குப் போயிட்டு வந்திடறேன்."

"குமுளியில உனக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. இவுக எங்கன சாப்பிடுறாக, எங்கன வகுறு வலிக்குதுன்னு பார்த்துட்டு வாரேன்."

மறுநாள் அவள் டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த பெண்கள் பலகையில் உட்கார்ந்தாள். அவன் ஓட்டும் வண்டியில் கல்யாணமான புதுசில் ஒரு தரம் வந்ததுதான். அன்றைக்கு அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இன்று அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பனி கண்ணாடியில் வழிந்தது. ஆற்றங்கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஒவ்வொன்றாக உள்ளே போயின. பக்கத்தில் தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற ராக்கம்மாள் தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கரிப் புகை வாசனையும் யாரோ கொண்டுவந்த கருவாட்டு வாசனையும் கலந்து, வண்டி முழுக்க ஒரு மந்தமான கதகதப்பு. பொன்னாத்தாளுக்கே கண் சொருகியது.

கூடலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் கழுத்தில் முதல் வேர்வைத் துளி முளைத்தது. தை மாதக் குளிர். மற்ற எல்லோரும் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். அவன் சட்டைக் காலர் நனைந்தது. மலை தலைக்குமேல் எழுந்து வர வர, அவன் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியது. இடது கையை எடுத்து அடிவயிற்றில் வைத்துக்கொண்டான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. "ரேடியேட்டருக்குத் தண்ணி" என்றான். யாரோ சிரித்தார்கள். அவன் பாறைக்குப் பின்னால் போனான். அவள் இறங்கி, கொஞ்ச நேரம் விட்டு, ஓடைப் பக்கம் நடந்தாள். அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருங்க" என்றாள் பொன்னாத்தாள். அவளும் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "நேத்து ராத்திரி நான் போட்டதைத்தான் தின்னீக. கம்பத்துல ஒண்ணும் இல்ல. கூடலூருல ஒண்ணும் இல்ல. மலையைப் பார்த்த பெறகுதான் வகுறு கலங்குது. சாப்பாட்டுக்கு மலை தெரியுமா?"

அவன் ஓடையைப் பார்த்தான். தண்ணீர் கூழாங்கல்லின்மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காய்ந்த இலை சுற்றிச் சுற்றி வந்து கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது.

"பயமா இருக்குத்தா" என்றான் கடைசியில். "அன்னைக்கு வண்டி பின்னால போச்சுல்ல. அதுலருந்து. நான் நல்லாத்தான் இருக்கேன், மனசு தைரியமாத்தான் இருக்கு. இந்த வகுறுதான் கேக்க மாட்டேங்குது."

பொன்னாத்தாள் அவனை அணைத்து ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்த கோபம்.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆறு மாசமா? நான் மருந்து வச்சேன்னு தெருவே பேசுது. ராமுத்தாய் பிள்ளைகளுக்கு என் கையால குடுத்த முறுக்கை உறியில தொங்கவிட்டிருக்கா. கோடாங்கி சொல்லும்போது உங்க அக்கா என்னையப் பார்த்தாக. நீங்க எங்கன பார்த்தீக? தரையைப் பார்த்தீக."

"டிரைவர் பயந்தான்னு தெரிஞ்சா வண்டியில எவன் ஏறுவான்?"

"ஏறாதவன் ஏறாம போகட்டும். எனக்கு என் பேரு வேணும்."

பிச்சைமணி தூரத்திலிருந்து "அண்ணே, கரி ரெடியா இருக்கு" என்று கூப்பிட்டான். இருவரும் எழுந்து வந்தார்கள்.

கருத்தக்கண்ணன் தன் இடத்தில் ஏறி உட்காரவில்லை. பக்கவாட்டுப் படியில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். முப்பது முகங்கள் அவனைப் பார்த்தன. "ஒரு சேதி" என்றான். "தினமும் ரேடியேட்டருக்குத் தண்ணின்னு சொல்றேன்ல, அது பொய். ஆடி மாசம் வண்டி வழுக்குன நாள்லருந்து, மேடு ஏறுறதுக்கு முன்னாடி எனக்கு வகுறு கலங்குது. பயத்துலதான். பத்து நிமிசம் நின்னு போனா சரியாயிடுது. அம்புட்டுத்தான்."

பீப்பாய்க்குள் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசிப் பலகையிலிருந்து ஒருவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். யாரையும் பார்க்காமல், மலைக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தே போய்விட்டான். அவன் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. கருத்தக்கண்ணன் அவன் முதுகு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் ராக்கம்மாள் தூக்கம் கலைந்து பேசினாள். "எனக்கு முதல் வளைவுலேயே ரெண்டு காலும் சில்லுன்னு போயிரும் அண்ணே. அதுக்குத்தான் ஏறுன உடனே தூங்கிடறேன். தூங்கவா செய்றேன்? கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன்."

சுந்தர்ராஜ் தொண்டையைச் செருமினார். பெரிய வியாபாரி, பட்டுக்கரை வேட்டி. "நான் அந்த மூணாவது வளைவு வந்தா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிடுவேன். தாண்டுன பெறகுதான் விடுறது" என்றார். கொஞ்சம் வெட்கத்தோடு, "பத்து நிமிசம் நிக்கிறதா இருந்தா எனக்கும் அந்தப் பாறைப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று சொல்லி இறங்கினார். அவருக்குப் பின்னால் நாலு பேர் இறங்கினார்கள். இத்தனை நாளும் அவர்களும் அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

அன்று மலை ஏறும்போதும் கருத்தக்கண்ணன் வயிறு உருண்டது. ஆனால் முன்பெல்லாம் அதை மறைக்க ஒரு வயிறும், அடக்க ஒரு வயிறும் தேவைப்பட்ட மாதிரி இருந்தது. இப்போது ஒரு வயிறே போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஜெயமங்கலம் போனான். அக்கா வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் கேட்கிற மாதிரி, "அக்கா, இவ மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு மலையில வண்டி ஏத்தப் பயம். அந்தப் பயம்தான் வகுத்துல நிக்குது" என்றான். அக்கம்மாள் மோவாயில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். பொன்னாத்தாளுக்குத் தலைநிறையப் பூ வைத்துவிட்டாள். ஆனால் அவள் முழுசாக நம்பினாளா என்பது சந்தேகம்தான். சாகும்வரைக்கும் தம்பி வீட்டுக்கு வந்தால் பொன்னாத்தாள் போட்ட சோற்றை முதல் கவளம் மோந்து பார்த்துத்தான் தின்றாள். பொன்னாத்தாளும் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள். கம்பத்துத் தெருவில் சேதி தானாகவே பரவியது. ராமுத்தாய் ஒரு நாள் வந்து கைமாற்றாக உழக்கு உளுந்து கேட்டாள். அது மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. பொன்னாத்தாள் உழக்கைத் தலைதட்டிக் கொடுத்தாள், கூட்டியும் வைக்கவில்லை, குறைத்தும் வைக்கவில்லை.

வயிறு ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. அதோடு எப்படி நாளை ஓட்டுவது என்பதை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தார்கள். பட்டினியை நிறுத்தச் சொன்னாள் பொன்னாத்தாள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு கிண்ணம் கேப்பைக் கூழ், நன்றாகக் கரைத்து, உப்புப் போட்டு. பச்சை மிளகாய் கிடையாது. காலையில் கடுங்காப்பி கிடையாது. அது குடித்த நாளெல்லாம் கூடலூருக்கு முன்னாலேயே உருட்டல் தொடங்குகிறது என்று அவள்தான் கணித்தாள். அடிவாரத்தில் பிச்சைமணி சாம்பலைத் தட்டிப் புதுக் கரி போடுகிற நேரத்தில் அவன் ஓடையில் போய் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவான். குளிர் மெதுவாகக் கை வழியாக ஏறி, மார்புக்கு வந்து, வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். சில நாள் அப்படியே கண் அசந்துவிடுவான். அந்த ஒரு நிமிஷத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. பஸ் ஒரு எருமையாக ஆகி, முல்லையாற்றில் கழுத்து வரை அமிழ்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் அக்கரைக்கு நீந்திப் போகும். பயணிகள் எல்லோரும் அதன் முதுகில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வளைவுகளை எண்ணுவது எப்படித் தொடங்கியது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. பிச்சைமணி ஆரம்பித்ததாகத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் படியில் தொங்கிக்கொண்டு, "ஒண்ணு வருது அண்ணே" என்பான். திரும்பி முடித்ததும் கருத்தக்கண்ணன், "ஒண்ணு ஆச்சு" என்பான். மலை முழுசும் ஒரு பெரிய பயமாக இல்லாமல், ஒவ்வொன்றாக, கையில் எடுத்து வைக்கிற மாதிரி ஆயிற்று. ராக்கம்மாள் முதலில் கூடச் சேர்ந்து சொன்னாள். பிறகு தோட்டத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் சொன்னார்கள். மேகம் இறங்கி ரோட்டை மூடுகிற நாட்களில், முன்னால் நாலு அடிக்கு மேல் தெரியாது. வெள்ளைக்குள் வெள்ளையாக வண்டி ஊர்ந்து போகும். எதிரே இறங்கி வருகிற மாட்டு வண்டிக்காரர்களுக்கு வண்டி தெரியாது, எஞ்சின் முனகலும் கேட்காது. மேகத்துக்குள்ளிருந்து முப்பது குரல்கள் சேர்ந்து "நாலு... ஆச்சு" என்பது மட்டும் கேட்கும். அவர்கள் மாட்டை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, ஏதோ பஜனை கோஷ்டி மலை ஏறி வருகிறது என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு. மூன்றாவது வளைவுக்கு மட்டும் "ஆச்சு" கொஞ்சம் சத்தமாக வரும். சுந்தர்ராஜ் அப்போதுதான் மூச்சை விடுவார்.

குமுளி டீக்கடைக்காரர் மலையாளி. வண்டி வந்து நின்றதும், "எந்தா டிரைவரே, இந்நு வயறு சுகந்தன்னே?" என்று வயிற்று நலத்தைச் சத்தமாக விசாரிப்பார். முதலில் கருத்தக்கண்ணனுக்கு முகம் சிவந்தது. பிறகு அவனும் சத்தமாகவே பதில் சொல்ல ஆரம்பித்தான். சுகம் என்றால் சுகம். இல்லை என்றால் இல்லை.

இல்லாத நாட்களும் வந்தன. நாற்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம், கூழும் பலிக்கவில்லை, ஓடையும் பலிக்கவில்லை. இரண்டாவது வளைவிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "முடியல" என்றான். அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் அழுததைப் பிச்சைமணி பார்த்தான். பயணிகள் குடையை விரித்துக்கொண்டு அரை மணி நேரம் மழையில் நின்றார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் அவர்களைத் திட்டினார்கள். பிறகு அவன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான். அன்று யாரும் எண்ணவில்லை. அவன் மட்டும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு போனான்.

சண்டை முடிந்தது. பீப்பாயைக் கழற்றிப் பெட்ரோல் ஊற்றினார்கள். வண்டி இப்போது மேட்டில் முக்காமல் ஏறியது. இனி எதற்குப் பத்து நிமிஷம் என்று கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். கருத்தக்கண்ணன் வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எங்களுக்கு வேணும் சாமி" என்றாள். அவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷ நிறுத்தம் தொடர்ந்தது. எஞ்சினுக்குப் பலம் வந்துவிட்டது என்பதை அவன் வயிறு நம்புவதற்கு மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை. பொன்னாத்தாளும் வண்டியில் இருந்தாள், குமுளிச் சந்தையில் மிளகு வாங்க வேண்டும் என்று. பாதி மலையில் மேகம் அப்படி அடைத்துக்கொண்டது, வண்டியின் மூக்கே தெரியவில்லை. கருத்தக்கண்ணன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான். எல்லோரும் இறங்கி ஓரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு இல்லை, மேலே மலை இல்லை. யாரோ வறுத்த கடலைப் பொட்டணத்தைப் பிரித்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் போனது. பேச்சு மெதுவாக நின்று, மேகம் முகத்தில் தடவிக்கொண்டு போவது மட்டும் இருந்தது. எங்கிருந்தோ ஏலப் பூ வாசனை வந்தது.

கருத்தக்கண்ணன் வயிற்றுக்குள் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த பொன்னாத்தாளுக்கும் கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். அவன் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்தான்.

"என்ன செய்யுது?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணுமில்ல" என்றான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "பசிக்குது."

அவள் மடியிலிருந்த தூக்குப்போணியைத் திறந்தாள். மத்தியானத்துக்கென்று கட்டி வந்த புளிச்சோறு. மேகம் விலக இன்னும் நேரம் இருந்தது. நடுமலையில், மேடு இருந்த பக்கம் பார்த்தபடி, அவன் சாப்பிட ஆரம்பித்தான்.